நான் நிரப்பிய படிவம்

ரத்தம் எடுப்பதுதான் என் தொழில். நரம்பே கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் விட்டுவிட்ட கைகளை என்னிடம்தான் அனுப்புவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன். ஆனால் எடுத்த ரத்தத்தை மிஷினில் சுற்றி, மேலே மஞ்சள் நீர் தனியாகப் பிரிந்து நிற்கும்போது மட்டும் நான் டியூபின் நிறத்தை முதலில் பார்ப்பதில்லை. ஒட்டியிருக்கும் பெயரைப் படிப்பேன். வேறு யாருடைய பெயரோ என்று உறுதியான பிறகுதான் கண்ணை மேலே தூக்குவேன். கூட வேலை செய்யும் பெண்கள் இதை என் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்கும் இல்லை, மண்ணும் இல்லை. பயம். அங்கே என் அப்பாவின் பெயர் இருந்துவிடுமோ என்ற பயம். அவர் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது.

எங்கள் ஊர் நெம்மேலி. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். முட்டுக்காட்டுக் காயலில் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும். பயப்படுகிற அம்மாக்களைச் சிரிக்க வைக்க வேண்டும். அழுகிற குழந்தைக்குத் தண்ணீரில் இல்லாத முதலையைக் காட்ட வேண்டும். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டிலும் அப்படியே. அம்மா எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிற ஜாதி, அவர் எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஜாதி என்று எங்கள் தெருவே பிரித்து வைத்திருந்தது. நானும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் லேப் டிப்ளமோ முடித்துவிட்டு, செங்கல்பட்டில் ஒரு இதய டாக்டரின் கிளினிக்கில் சேர்ந்தேன். நல்ல மனிதர். ஆனால் ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் விடமாட்டார். அப்போது அவர் மண்டையில் புகுந்திருந்தது இதுதான்: கீரை, பப்பாளி, கேரட், பூசணி இதற்கெல்லாம் நிறம் தருகிற சத்து ரத்தத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உடம்புக்குள் துருப்பிடிப்பது போல நடக்கும் ஒரு சேதத்தை அது தடுக்கிறது. ஒருவருடைய சுபாவத்துக்கும் அவர் ரத்தத்தில் இருக்கும் இந்தச் சத்துக்கும், அதிலிருந்து அவர் இதயத்துக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கலாம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படித்திருந்தார். நல்லது நடக்கும் என்று நம்புகிறவர்களுக்கு அது கூடுதலாக இருக்குமா? நம் ஊரிலும் பார்க்கலாமே என்று கிளம்பிவிட்டார். கடலோரத்தில் ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கும் என்று பார்த்தே வளர்ந்தவள் நான். உடம்புக்குள்ளும் துரு என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

கடலோர ஊர்களில் இதய முகாம் நடத்தினோம். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம், பிறகு பிரஷர், பிறகு இருபது கேள்விகள். வெளிச்சம் பட்டால் அந்தச் சத்து அழிந்துவிடும் என்பதால் எடுத்த உடனே டியூபை அலுமினியத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். செங்கல்பட்டில் அதை மிஷினில் சுற்றி மஞ்சள் நீரைப் பிரித்து, பெரிய சோதனைக்குச் சென்னைக்கு அனுப்புவோம். ரத்தத்தில் அந்தச் சத்தும் குறைந்து, பதில்களில் மனசும் சோர்ந்து தெரிகிற ஆட்களை டாக்டர் செங்கல்பட்டுக்கு வரவழைத்து, நடக்கவிட்டு, ஓடவிட்டு, இதயத்தை முழுசாகப் பரிசோதிப்பார். எல்லாம் இலவசம்.

கேள்விகளைக் கேட்கும் வேலை என்னுடையது. தனியாக உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆமாம், இல்லை, சொல்லத் தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். சின்ன விஷயத்துக்கும் கோபம் வருகிறதா? ராத்திரி படுத்ததும் தூக்கம் வருகிறதா? இனிமேல் உங்களுக்கு நல்லது நடக்கும் என்று நினைக்கிறீர்களா?

எங்கள் பக்கத்து ஜனங்களிடம் இந்த வேலை லேசில் நடக்காது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் பதில் சொல்வது இங்கே உரிமை. புருஷனுக்குப் பெண்டாட்டி, மாமனாருக்கு மருமகள், அண்ணனுக்குத் தம்பி. மாமல்லபுரத்து முகாமில் ஒரு மீன்காரம்மா புருஷனை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார்.

"அவரு இன்னா சொல்லப் போறாரு, நானே சொல்றேன் எழுதிக்கோ."

"அவரு வாயால சொல்லணும்க்கா. நீங்க அந்தாண்ட போயி நில்லுங்க."

"இருவது வருசமா அவரு வாயே நான்தாம்மா," என்றார் அவர். வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உங்களுக்குத் தெரியும் என்று நினைப்பதை எழுத இது ரேஷன் கார்டு இல்லை என்று எரிந்து விழுந்து, அந்த அம்மாவைக் கொட்டகைக்கு வெளியே அனுப்பினேன். அன்றைக்கு டாக்டர் என்னைப் பாராட்டினார்.

அடுத்த முகாம் எங்கள் ஊரில், மாதா கோயில் பக்கத்துக் கொட்டகையில் நடந்தது. நைனா முதல் ஆளாக வந்து நின்றார். தோளில் டிபன் பை, கையில் குடை. ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் முட்டுக்காட்டுக்கு நேரத்துக்குப் போக முடியும். நான் ரப்பர் பட்டையைக் கட்டியதும் சுற்றிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எங்கப்பன் சேத்துல நின்னான். நான் தண்ணில கீறேன். எம் பொண்ணு பாரு, ரத்தத்துல கீது. எங்க குடும்பம் எப்டி வளந்துகினு போவுது பாத்தியா!"

கொட்டகையே சிரித்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. ரத்தம் எடுத்தேன். முழங்கையில் பஞ்சை வைத்து மடக்கினேன். பிரஷர் பார்த்தார்கள், கொஞ்சம் கூட இருந்தது, நடந்து வந்ததால் என்றார்கள். பிறகு கேள்வி மேஜைக்கு வந்து என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் படிவத்தை எடுத்துப் பெயரை எழுதினேன். முதல் கேள்வியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். என்னால் கேட்க முடியவில்லை. பெற்ற அப்பாவை எதிரில் உட்கார வைத்து, உங்களுக்கு வாழ்க்கை அலுத்துப் போகிறதா என்று எந்தப் பெண் கேட்பாள்? எங்கள் வீட்டில் சாப்பிட்டியா, பஸ் கிடைச்சிதா, மழை வருமா, இவ்வளவுதான் பேச்சு. கேட்டால் மறுபடி ஒரு ஜோக் அடிப்பார், கொட்டகை மறுபடி சிரிக்கும். வரிசை வேறு கோயில் வாசல் வரைக்கும் நின்றது.

"நீ போ நைனா, பஸ்ஸு வந்துரும். நான் எழுதிக்கிறேன்."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. பஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "கேள்வி ஏதோ கீதுன்னாங்களே?" என்றார்.

"உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? போ, போ."

அவர் தலையாட்டினார். குடையை எடுத்துக்கொண்டு போனார். நான் இருபது டிக்கையும் அரை நிமிடத்தில் போட்டேன். அந்த முகாமிலேயே அவ்வளவு சந்தோஷமான படிவம் வேறு இல்லை.

மறுநாள் செங்கல்பட்டில் டியூப்களை மிஷினில் சுற்றிப் பிரித்தபோது அவருடைய டியூப் என் கையில் வந்தது. மற்றவர்களுடையது வெளிர் மஞ்சள், சிலருடையது நல்ல மஞ்சள். நைனாவுடையது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. கண் எதையாவது சொல்லும், சென்னைச் சோதனை சரியாகச் சொல்லும் என்று அடுத்த டியூபை எடுத்துவிட்டேன்.

சில வாரம் கழித்துச் சென்னையிலிருந்து முடிவு வந்தது. எங்கள் ஊரிலேயே அடிமட்டம் அவருடைய ரத்தம்தான். டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இவர் உங்க அப்பாதானே? ஃபார்ம்ல சந்தோஷம் முழு மார்க். ரத்தத்துல ஒண்ணுமே இல்ல. வீட்ல கீரை, காய் சாப்பிடுவாரா?"

"தினமும் அம்மா கட்டிக் குடுப்பாங்க சார்."

"ஃபார்மை நீ கேட்டுத்தானே நிரப்பினே?"

என் வாழ்க்கையில் யாராவது என்னிடம் இதைவிட எளிதான கேள்வி கேட்டிருப்பார்களா என்று தெரியாது. மாமல்லபுரத்தில் அந்த அம்மாவை விரட்டியதற்கு என்னைப் பாராட்டிய அதே ஆள் கேட்கிறார். "கேட்டுதான் சார்," என்றேன்.

"அப்ப ரத்தம்தான் தப்பா இருக்கணும்."

"அன்னிக்கு அந்த டியூப் கொஞ்ச நேரம் வெயில்ல இருந்துச்சு சார். தாள் சுத்த மறந்துட்டேன்."

மறக்கவில்லை. முதல் டியூப் அது. மற்ற எதையும் விடக் கவனமாகச் சுற்றினேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் என் வாயில் தயாராக நின்றது. டாக்டர் கடிந்துகொண்டார், வேறொரு நாள் எடுத்து வரச் சொன்னார்.

அந்த வேறொரு நாள் வரவே இல்லை. ஊசி என் பையில் இருந்தது. அவர் என் வீட்டில் இருந்தார். விடிகாலையில் பல் விளக்கிக்கொண்டு வாசலில் நிற்பார், கையை நீட்டச் சொன்னால் நீட்டிவிடுவார். நான் சொல்லவில்லை. மறுபடி எடுத்து மறுபடி அதே மாதிரி வந்தால், டாக்டர் அவரை நேரில் உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார். என் குட்டு உடைந்துவிடும், வேலை போய்விடும். அதுதான் காரணம். மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் பொய்தான். நாங்கள் புதுப்பட்டினத்து முகாமுக்குப் போய்விட்டோம். ஒரு நாள் டாக்டர் பட்டியலில் அவர் பெயரின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். செங்கல்பட்டுக்கு வரவழைத்துப் பரிசோதித்தவர்களில் என் அப்பா இல்லை.

முகாம்கள் ஒரு வருடத்தில் நின்றுபோயின. டாக்டருக்கு நேரமும் இல்லை, கைப்பணமும் இல்லை. படிவங்கள் கட்டுக்கட்டாக அலமாரியின் மேல்தட்டில் கிடந்தன. அதிலிருந்து என்ன தெரிந்தது என்று கேட்டால் எதுவும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

சுனாமிக்கு முந்தின வருடம், ஒரு காலை, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த நைனா மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். அதை என்னிடம் வந்து சொன்ன பையன் அழுதான். கேளம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்கு அவரோடு படகு ஓட்டியவர் ஒருவர் வந்திருந்தார். நைனாவை அண்ணாத்த என்று கூப்பிடுகிறவர். கல்லறைத் தோட்டத்து மதிலோரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. அண்ணாத்த சாப்ட்டு நான் பாத்ததே இல்ல. ரெண்டு டீ, அப்பால பீடி, அவ்ளோதான். டிபன் டப்பாவத் தொறந்து கீரை, கூட்டு எல்லாத்தையும் தண்ணில கொட்டிட்டு, டப்பாவக் கழுவிக்கினு வூட்டுக்குப் போவாரு. இன்னாத்துக்குண்ணா இப்டி பண்றன்னு கேட்டா, மீனுக்கும் பசிக்கும்டா மச்சான்னு சிரிப்பாரு."

"எவ்ளோ நாளா?"

"இருக்கும் ஏழெட்டு வருசம். சவாரி இல்லாத நேரத்துல படகுலயே உக்காந்துகினு தண்ணியப் பாத்துக்கினு இருப்பாரு. கூப்ட்டா காது கேக்காது. ஆளு வந்தா மட்டும் சிரிப்பு வந்துரும்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். எங்கள் எல்லோரையும் இவ்வளவு நாள் ஏமாற்றியிருக்கிறாரே என்று செத்த மனிதர் மேல் ஆத்திரம். பிறகுதான் உறைத்தது. அவர் ஏமாற்றியது படகில் ஏறியவர்களை. என்னை அவர் ஏமாற்றவில்லை. அவரைச் சந்தோஷமானவர் என்று எழுதியது என் கை.

என்ன துக்கம் அவருக்கு என்று எனக்கு அப்போது தெரியாது. பெரிதாக ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம். தினமும் மற்றவர்களைச் சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்து அலுத்துப் போயிருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன். தெரிந்துகொள்ள ஒரு நாள் எனக்கு அனுமதி இருந்தது. படிவம் இருந்தது, நாற்காலி இருந்தது, அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரமே செங்கல்பட்டுக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தச் சத்து குறைவா இருக்குன்னு ஒரு தனி ஆளோட இதயத்தைப் பத்தி எதுவும் சொல்ல முடியாதும்மா," என்றார். "நிறைய பேரைச் சேத்துப் பாத்தாதான் ஏதோ லேசாத் தெரியும். அதுலயும், மனசு நல்லா இருக்கறதால ஒழுங்கா சாப்பிடறாங்களா, ஒழுங்கா சாப்பிடறதால மனசு நல்லா இருக்கா, யாருக்கும் தெரியாது. நீ உன்னையே போட்டு வதைச்சுக்காதே."

"இங்க கூப்ட்டு இதயத்தைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரிஞ்சிருக்கலாம்," என்றார்.

அலமாரியின் மேலிருந்து நைனாவின் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவர்களின் படிவங்களையும் புரட்டிப் பார்த்தேன். கேட்டு நிரப்பிய படிவம் தனியாகத் தெரியும். ஒரு டிக் அடித்து, அதை அடித்துவிட்டு வேறொன்று போட்டிருக்கும். ஒரு இடத்தில் பேனா நின்று மை ஊறியிருக்கும், அந்த ஆள் யோசித்த நேரம் அது. நைனாவுடையதில் இருபது டிக்கும் ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் இறங்கியிருந்தன. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கிழித்துப் போடத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு சிரித்துப் பேசிக்கொண்டு வருகிற ஆண்கள் என் நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குள் ஏதோ ஆகிவிடும். கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே, மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். இரண்டு முறை கேட்பேன். சிலர் முறைப்பார்கள். சில சமயம் அவர்கள் குரலுக்குப் பின்னால் அவர் குரல் கேட்கும். கேள்வி ஏதோ கீதுன்னாங்களே? அவ்வளவுதான், வேறெதுவும் சொல்லாது.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. டிபன் டப்பா விஷயத்தைச் சொன்னால் அவள் உடைந்துவிடுவாள் என்று நானும் சொல்லவில்லை, படகுக்காரரும் சொல்லவில்லை. ஆறேழு வருடம் அப்படியே ஓடியது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கப் போகிறோம் என்று எங்கள் ஊர்ப் பக்கம் ஆட்கள் வந்து இடம் அளந்துகொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நானும் அம்மாவும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய் நைனாவிடம் வந்தது.

"அந்த முகாம் நடந்திச்சே, அதுக்கு மின்னாடி ரெண்டு நாளா அவரு ஒரு மாதிரி இருந்தாரு," என்றாள் அம்மா. "கூடப் படகு ஓட்டுற ஆளு மாமல்லபுரத்து முகாமுக்குப் போயிட்டு வந்து, இன்னான்னா கேள்வி கேப்பாங்கன்னு சொல்லிட்டாரு போல. என்னாண்ட வந்து, 'இனிமே நல்லது நடக்குமான்னு கேட்டா இன்னா சொல்றது?'ன்னாரு. நடக்கும்னு சொல்லு, அதுல இன்னா கீதுன்னு நான் என் வேலையப் பாத்தேன்."

என் கை நின்றுவிட்டது. அம்மா கவனிக்கவில்லை.

"அப்பால, 'வேற யாராவது கேட்டா அப்டி சொல்லிருவேன். எம் பொண்ணு கேக்கும்போது இல்லன்னே சொல்லிடலாம்னு கீறேன். சிரிச்சி சிரிச்சி சலிச்சிப் போச்சி. அது படிச்ச பொண்ணு, இன்னா பண்ணலாம்னு அதுக்குத் தெரியும்'னாரு. காலைல வெள்ளன எழுந்து சவரம் பண்ணிக்கினு போனாரு. எனக்கு அப்போ புரியல. இப்போ நெனச்சா ஒரு ஆறுதல்." அவள் என்னைப் பார்த்தாள். "உன்னாண்ட இன்னாம்மா சொன்னாரு அன்னிக்கி?"

ஒரு பதிலை எழுதிவிடலாம் என்றுதான் அந்த நொடியிலும் தோன்றியது. அவர் சொன்னதாக ஏதாவது நாலு வார்த்தை. அம்மா நிம்மதியாக இருப்பாள். அவருக்காகப் பதில் சொல்லிப் பழகிய வாய்தானே இது.

"நான் கேக்கவே இல்லம்மா," என்றேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு அனுப்பிட்டேன். எல்லாத்தையும் நானே எழுதிட்டேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கோபம் வரவில்லை அவளுக்கு.

"உன்னாண்டயாவது சொல்லிட்டுப் போனாருன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தனே," என்றாள். "அப்போ யாராண்டயுமே சொல்லாமதான் போயிட்டாரா?"